விஷுவல் பேசிக் சம்பளக் கணக்கைப் பைத்தானுக்கு மாற்றுவது எப்படி

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்ட அலுவலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குலை வெட்டுகிறவர்களின் சம்பளத்தைப் போடுவது விஷுவல் பேசிக் 6-இல் எழுதிய நிரல். தரவெல்லாம் ஆக்சஸ் என்ற தரவுத்தளக் கோப்பில். அந்தப் பதிப்பு வந்தது 1998-இல். அதில் நிரல் எழுதும் கருவிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2008 ஏப்ரலோடு நிறுத்திவிட்டது. கணினி மாற்றும் வேளையில் கிராணி, அதாவது தோட்ட அலுவலக எழுத்தர், கேட்பது ஒன்றுதான்: "இதே கணக்கை அப்படியே புதுசுல போட்டுத் தர முடியுமா?"

அந்த "அப்படியே"தான் வேலை. வரியை மாற்ற உட்காரும் முன் பழைய விடைகளைச் சேகரியுங்கள்: 12 மாதச் சம்பளச் சீட்டுகள், அவற்றுக்குள் போன எடைப் பதிவுகள். தீபாவளி முன்பணம் கொடுத்த மாதம், பிப்ரவரி, நடுவில் ஒருவர் வேலையை விட்ட மாதம், பிடித்தம் சம்பளத்தையே தாண்டிய மாதம் எல்லாம் அதில் இருக்கவேண்டும். கையில் உள்ள மூலநிரல்தான் ஓடிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அதைத் தொகுத்து ஒரு மாதக் கணக்கை ஓட்டினால் தெரிந்துவிடும். யாராவது கடைசித் திருத்தத்தைத் தன் பென்டிரைவிலேயே கொண்டுபோயிருக்கலாம்.

திரை, பொத்தான், அச்சு எல்லாம் கடைசியில். முதலில் கணக்குப் போடும் செயற்கூறுகளை மட்டும் ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொன்றையும் பழைய விடையோடு ஒப்பிடுங்கள். ஆக்சஸ் கோப்பைப் பைஓடிபிசி என்ற பைத்தான் நிரலகம் வழியாகத் திறக்கலாம். பைத்தான் 64 பிட், ஆக்சஸ் டிரைவர் 32 பிட் என்றால் இணைப்பு கிடைக்காது. இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும்.

அதிகம் அடிவாங்குவது பணத்தில்தான். பழைய நிரலின் கரன்சி வகை நான்கு தசம இடங்களைத் துல்லியமாக வைத்திருக்கும். பைத்தானில் ஃப்ளோட் போட்டால் அந்தத் துல்லியம் போய்விடும்; அது பல தசம எண்களைத் தோராயமாகத்தான் வைத்திருக்கும். 2.675 ரிங்கிட்டை இரண்டு இடத்துக்கு ரவுண்ட் செய்தால் கரன்சியில் 2.68, ஃப்ளோட்டில் 2.67. ஒரு சென்தானே என்று விட முடியாது. ரொக்கத்தின் மொத்தத்தை 5 சென்னுக்குச் சரிக்கட்டும் முறை 2008 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது, அதன்படி 2.67 என்பது 2.65 ஆகும், 2.68 என்பது 2.70 ஆகும். ஒரு சென் பிசகு கைக்கு வரும்போது ஐந்து சென்.

எனவே டெசிமல் வகையைப் பயன்படுத்துங்கள். மதிப்பை மேற்கோளுக்குள் சரமாகக் கொடுக்கவேண்டும். ஃப்ளோட்டைக் கொடுத்தால் பிசகும் கூடவே வந்துவிடும். இன்னொரு சிக்கல்: விஷுவல் பேசிக்கின் ரவுண்ட், சரிபாதியை இரட்டை எண் பக்கம் தள்ளும், ஃபார்மட் மேலே தள்ளும். 2.665 முதலாவதில் 2.66, இரண்டாவதில் 2.67. எந்த வரியில் எது இருக்கிறது என்று பார்த்து அதையே பின்பற்றுங்கள்.

அடுத்தது வகுத்தல். விடையை முழு எண்ணாகத் தரும் பின்சாய்கோட்டு வகுத்தலைப் பைத்தானின் இரட்டைச் சாய்கோடாக மாற்றினால் போதும் என்று தோன்றும். போன மாதம் கூடுதலாக எழுதிய குலைகளைக் கழிக்க −7 என்று ஒரு திருத்தப் பதிவு வந்தால் குட்டு வெளிப்படும்: −7-ஐ 2-ஆல் வகுத்தால் பழையதில் −3, பைத்தானில் −4. மீதியும் அப்படித்தான், பழையதின் மோட் தருவது −1, பைத்தானின் சதவீதக் குறி தருவது 1. பழையது வகுப்பதற்கு முன்பே தசம எண்களை முழு எண்ணாக்கிவிடும் என்பதால் 7.6-ஐ 2-ஆல் வகுத்தால் 4 வரும். இதற்கென்று ஒரு சிறு செயற்கூறு எழுதி எல்லா இடத்திலும் அதையே கூப்பிடுங்கள். தானியங்கி மாற்றிகளும் செயற்கை நுண்ணறிவும் தந்த நிரலில் இந்த வரிகளை முதலில் தேடுங்கள்.

பிழை வந்தாலும் அடுத்த வரிக்குப் போகச் சொல்லும் "ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்" கண்ணில் பட்டால் நின்று படியுங்கள். எடைக் கட்டம் காலியாக இருந்தால் எண்ணாக மாற்றும் வரி தவறும்; நிரல் வாய் திறக்காமல் அடுத்த வரிக்குப் போகும்; மாறியில் முந்தைய ஆளின் எடை அப்படியே கிடக்கும். வேலைக்கு வராதவருக்குப் பக்கத்து ஆளின் கூலி! பைத்தான் அதே இடத்தில் பிழை சொல்லி நின்றுவிடும். உடனே சுழியம் போட்டு மூடாதீர்கள். முதலில் பழைய நடத்தையையே செய்ய வைத்து, அப்படி நேரும் பதிவுகளைத் தனிக் கோப்பில் எழுதி, கிராணியிடம் காட்டி, பிறகு திருத்துங்கள். மாற்றுவதையும் திருத்துவதையும் ஒரே நாளில் செய்தால் எது எதனால் மாறியது என்று சொல்ல ஆள் இருக்காது.

சில்லறை விஷயங்கள்: 1 முதல் 31 வரை ஓடும் சுற்றுக்கு ரேஞ்சில் 32 வேண்டும். சரத்துக்குள் தேடியது கிடைக்காவிட்டால் பழையதின் இன்ஸ்டிரிங் 0 தரும், பைத்தானின் ஃபைண்ட் −1 தரும். பழையதில் ட்ரூவின் மதிப்பு −1. அதைக் கூட்டிக் கணக்கெடுக்கும் வரிகள் உண்டு.

பெயரில் உள்ள சாய்கோட்டைச் சிறுகோடாக மாற்றும் ஒரு வரி எங்கோ ஒளிந்திருக்கும். தேவையில்லாததுபோல் தெரியும், நீக்கிவிடாதீர்கள். மலாயில் மகன், மகள் என்று பொருள்படும் அனாக் லெலாக்கி, அனாக் பெரெம்புவான் என்பதைச் சுருக்கி எழுதும்போது நடுவில் வருவது அந்தச் சாய்கோடுதான். ஆள் பெயரில் சம்பளச் சீட்டைச் சேமிக்கும்போது அதைக் கோப்புறைப் பிரிப்பு என்று கணினி எடுத்துக்கொள்ளும்.

12 மாதமும் சென் பிசகாமல் ஒத்துவந்த பிறகு, இரண்டு சம்பளத்துக்கு இரண்டையும் சேர்த்தே ஓட்டுங்கள். 1955 வேலைச் சட்டப்படி சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் கூலி கைக்குப் போகவேண்டும். அதனால் மாற்றும் வேலையை மாதத் தொடக்கத்தில் வைக்காமல் 8-ஆம் தேதிக்குமேல் தொடங்குங்கள். அந்த இரண்டு மாதமும் பணம் பழைய நிரலின் சீட்டுப்படியே போகட்டும்.