டாய் ஹாலர் வாங்கும் முன் பிக்கப்பின் கதவைத் திறந்து பாருங்கள்

கலிஃபோர்னியாவுக்குப் புதிதாக வந்தவர்கள் ஒரு குளிர்காலம் நண்பர்களோடு கிளாமிஸ் மணற்குன்றுகளுக்குப் போய்வந்தால் போதும், சொந்தமாக ஒரு டாய் ஹாலர், அதாவது பிக்கப் இழுத்துச் செல்லும் வீட்டு டிரெய்லர், வேண்டும் என்று ஆசை வந்துவிடும். நல்ல ஆசைதான். முன்பக்கம் சமையலறை, படுக்கை, குளியலறை. பின்பக்கம் மணல் வண்டிகளை ஏற்றும் கேரேஜ். பின்சுவரே கீழே சாய்ந்து ஏறுபலகை ஆகிவிடும். வண்டிகளை இறக்கியபின் அதே கேரேஜில் கட்டில் விரித்துப் படுக்கலாம். ஆனால் எந்த டிரெய்லர் என்பதை உங்கள் பிக்கப்தான் முடிவு செய்ய வேண்டும், விற்பவர் அல்ல.

"11,000 பவுண்டு இழுக்கும்" என்ற விளம்பரத்தை ஓரமாக வையுங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால், ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று ஒரு ஸ்டிக்கர் சொல்லும். அதுதான் பேலோட். உங்கள் ஹாஃப்-டன் பிக்கப்பில் (சாதாரண அளவுப் பிக்கப்) அது 1,600 என்று வைத்துக்கொள்வோம். முழுச் சுமையோடு 9,500 பவுண்டு வரும் டாய் ஹாலரைப் பூட்டுகிறீர்கள். டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச்மேல், அதாவது பிக்கப்பின் பின்னால் டிரெய்லரைப் பூட்டும் இணைப்பின்மேல், இறங்க வேண்டும். 13 சதவீதம் என்றால் 1,235. ஹிட்ச் சாமான் 100, குடும்பத்தில் நால்வர் 550. மொத்தம் 1,885. இழுக்கும் திறனில் இன்னும் 1,500 பவுண்டு மிச்சம் இருக்க, பேலோட் தாண்டிவிட்டது! இதற்கு ஒரு படி பெரிய, பெயரில் 2500 அல்லது 250 என்று வரும் பிக்கப் வேண்டும். பிக்கப்பின் பின்தொட்டிக்குள் பூட்டும் ஃபிஃப்த் வீல் வகை டிரெய்லர் என்றால் சுமார் 20 சதவீதம் பிக்கப்மேல் உட்காரும், அதற்கு இன்னும் பெரிய ஒன்-டன் பிக்கப்தான் நிம்மதி.

கையேட்டில் இருக்கும் காலி எடையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். பாலைவனத்துக்குப் போகும்போது 100 கேலன் தண்ணீர் நிரப்பினால் அதுவே 830 பவுண்டு. டிரெய்லரின் அதிகபட்ச எடையான ஜி.வி.டபிள்யூ.ஆர்.-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவில் அது 10,000 பவுண்டைத் தாண்டினால் சாதாரண கிளாஸ் சி உரிமம் மட்டும் போதாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

டாய் ஹாலருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. கேரேஜ் அச்சுக்குப் பின்னால் இருப்பதால், வண்டியை ஏற்ற ஏற்ற முன்பக்கம் லேசாகி, ஹிட்ச்மேல் இறங்கும் எடை குறையும். அது மிகவும் குறைந்துவிட்டால் நெடுஞ்சாலையில் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும். அதனால் வண்டிகளைத் தரை வளையங்களில் இறுக்கிக் கட்டி, தண்ணீரும் நிரப்பி, டிரக் ஸ்டாப்பில் இருக்கும் கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற எடைமேடையில் ஒருமுறை எடை போட்டுப் பாருங்கள். செலவு சொற்பம். காலியாக ஒருமுறை, நிறைத்து ஒருமுறை பார்த்தால் வித்தியாசம் புரியும்.

ஆட்டம் வந்துவிட்டால் பிக்கப்பின் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டாதீர்கள். ஆக்ஸிலேட்டரை மெல்ல விட்டு, ஓட்டுநர் அருகே இருக்கும் பிரேக் கன்ட்ரோலரில் கையால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடியுங்கள். ஊரில் கார் ஓட்டிப் பழகிய கால் தானாகவே பிரேக்குக்குப் போகும். அதனால் காலியான பார்க்கிங் இடத்தில் அந்தக் கன்ட்ரோலரைக் கை தேடாமல் எட்டும்வரை பழகிக்கொள்ளுங்கள். சான் டியேகோவிலிருந்து ஐ-8இல் போனால் மலையிலிருந்து பாலைவனத்துக்கு நீண்ட இறக்கம், பக்கக்காற்றும் பலமாக அடிக்கும். கீழ் கியரில் இறங்குங்கள். டிரெய்லர் இழுக்கும்போது இந்த மாநிலத்தில் உச்ச வேகம் 55 மைல்தான், மற்றவர்கள் பறந்தாலும்.

அப்புறம், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பா, பின்னால் கட்டிலில் சாய்ந்துகொண்டே வருகிறோம் என்பார்கள். கூடவே கூடாது. ஓடும் டிராவல் டிரெய்லருக்குள் ஆள் இருப்பது இங்கே சட்டப்படி குற்றம். அவர்கள் பிக்கப்பில் சீட் பெல்ட் போட்டுத்தான் வர வேண்டும், அவர்கள் எடையும் அந்தப் பேலோட் கணக்கில் சேரும்.