சுகவனிதையர் கிளினிக்குக்கு நாள் பார்ப்பது எப்படி

குடிபூரலுக்கும் கலியாணத்துக்கும் நாள் பார்க்கிறோம். சுகவனிதையர் கிளினிக்குக்கும் பார்க்கத்தான் வேண்டும். பஞ்சாங்கத்தில் அல்ல, மாதவிடாய்க் கணக்கில். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து, "இன்றைக்கு எடுக்க ஏலாது, பிறகு வாங்கோ" என்று கேட்டுத் திரும்புகிறவர் இரண்டாம் முறை வருவது அருமை.

இந்தக் கிளினிக் வருத்தம் இல்லாத பெண்களை முன்கூட்டியே சோதிப்பதற்கானது; கர்ப்பப்பைக் கழுத்து, மார்பகம், இரத்தச் சீனி பார்ப்பார்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை இலவசமாக நடத்துகிறது. 35, 45 வயதுப் பெண்களை முக்கியமாக அழைப்பார்கள். அந்த வயதைத் தாண்டியவர்களும் கேட்டுப் போகலாம். உங்கள் பகுதி மிட்வைப்பிடம் கிளினிக் நாளைக் கேளுங்கள். பெண் வைத்தியர்தான் வேண்டுமென்றால் அப்போதே சொல்லிவிடுங்கள்.

மாதவிடாய் தொடங்கிய நாளை முதலாம் நாளாக எண்ணுங்கள். 10ஆம் நாளிலிருந்து 20ஆம் நாள் வரை பப் பரிசோதனைக்கு, அதாவது கர்ப்பப்பைக் கழுத்தில் கலங்களை எடுத்துப் புற்றுநோய்க்கு முந்திய மாற்றம் உண்டா என்று பார்ப்பதற்கு, நல்லது. 3ஆம் திகதி தொடங்கினால் 12க்கும் 22க்கும் இடையில் வரும் கிளினிக் நாள் உங்களுடையது. அதற்கு முந்திய 48 மணித்தியாலம் உடலுறவு வேண்டாம். யோனியின் உள்ளே வைக்கும் மாத்திரை, கிரீம் வேண்டாம். உள்ளே கழுவவும் வேண்டாம். இரத்தமும் மருந்தும் கலங்களை மூடிவிட்டால் ஆய்வுகூடத்தில் கண்ணாடித் தட்டை வாசிக்க முடியாது. திரும்ப எடுக்கச் சொல்வார்கள். வெளியே வழமைபோலக் குளிப்பதில் பிழையில்லை.

சீனி பார்க்க வெறும் வயிற்றில் வரச் சொன்னால் குறைந்தது 8 மணித்தியாலம் பச்சைத் தண்ணீர் மட்டும். விடியத் தேத்தண்ணி குடித்தாலும் கணக்கு மாறும். பிரஷர் குளிசையை வழமைபோல எடுங்கள்; சீனிக்குக் குளிசையோ ஊசியோ பாவிப்பவர் அன்றைக்கு எப்போது எடுப்பதென்று முதலே கேளுங்கள். இரத்தம் கொடுத்ததும் சாப்பிட ஒரு பணிஸ் பையில் இருக்கட்டும்.

பாவாடை சட்டை என்றால் லேசு. அபாயா போடுபவர் உள்ளே தனிப் பாவாடை உடுத்தலாம். சிறுநீர் கழித்துவிட்டுப் படுங்கள். கருவியால் யோனி வழியை விரித்து, கர்ப்பப்பைக் கழுத்தைப் பார்த்து, சிறு தட்டையான குச்சியாலோ பிரஷ்ஷாலோ கலங்களைச் சுரண்டி எடுப்பார்கள். சில நிமிட வேலை. இடுப்பை இறுக்கினால் கூட நோகும். வாயால் மூச்சை மெல்ல விடுங்கள். அன்று சிறிது இரத்தக் கறை படலாம்.

மார்பகத்தை மாதம் ஒருமுறை நீங்களே பாருங்கள். மாதவிடாய் தொடங்கி 7 முதல் 10 நாளுக்குள் பார்த்தால் வீக்கமும் நோவும் குறைவாக இருக்கும். மாதவிடாய் நின்றவருக்கு நோன்மதி தினம் வசதி, கலண்டரே நினைவூட்டும். கண்ணாடி முன் கையை உயர்த்தி தோல் குழிவு, காம்பு உள்ளிழுபடுதல் உண்டா என்று பாருங்கள். பிறகு சவர்க்காரம் பூசி, நடு மூன்று விரல்களின் தசைப்பகுதியால் வட்டமாக, மெதுவாக ஒருமுறை, அழுத்தி ஒருமுறை, கமக்கட்டு வரை. நுனிவிரலால் கிள்ளினால் எல்லாம் கட்டி போலத்தான் தெரியும்.

மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்குப் பின் ஒரு துளி இரத்தம் பட்டாலும், உடலுறவுக்குப் பின் இரத்தம் பட்டாலும் கிளினிக் நாளைப் பார்த்திருக்க வேண்டாம். நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெண்ணியல் நிபுணரிடம் காட்டுங்கள்.

குழந்தைப்பேறு நிறுத்த ஓப்பரேஷன் செய்தவருக்கும் கர்ப்பப்பைக் கழுத்து இருக்கிறது. பரிசோதனை அவருக்கும் உண்டு. 2017 முதல் தரம் 6 சிறுமிகளுக்குப் போடும் எச்பிவி தடுப்பூசி (கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி) பெற்றவர்களும் வளர்ந்தபின் இதைத் தவறவிடக் கூடாது.

முடிவில் "மாற்றம்" என்று எழுதியிருந்தால் அது புற்றுநோய் என்று பொருளல்ல. கர்ப்பப்பைக் கழுத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவியால் மறுபடி பார்க்கக் கூப்பிடலாம். அந்த நாளுக்குப் போகாமல் விடுவதுதான் ஆபத்து. முடிவு எப்போது வரும் என்று எழுதி வாங்குங்கள். அந்தத் திகதி தாண்டியும் ஒருவரும் சொல்லவில்லையென்றால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ளாமல் மிட்வைப்பைக் கேளுங்கள்.