ஜனாதிபதி வீட்டுக்குப் போகவேண்டுமா? இந்த வாதத்தை உருப்படியாக நடத்துவது எப்படி

2022 மார்ச் 31 இரவு மிரிஹானவில் அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்‌ஷவின் வீட்டுக்கு முன்னால் கூட்டம் திரண்டதிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை இலங்கையில் பெற்றோல் வரிசையில், பஸ்ஸில், வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் ஒரே பேச்சுத்தான்: ஆள் போவாரா, மாட்டாரா. ஆனால் அவர் போனால் அடுத்து யார், எந்த வழியால் வருவார் என்று கேட்டவர்கள் குறைவு. அதற்கான விடை 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பிலேயே எழுதியிருந்தது, பலர் அதைப் பாராளுமன்றம் புதிய ஜனாதிபதியைத் தெரிவுசெய்த ஜூலை 20ஆம் திகதிதான் கண்டார்கள். இன்னொரு தடவை இப்படி ஒரு நிலைமை வந்தால், நீங்கள் எந்தப் பக்கம் நின்றாலும், இந்த வாதத்தை எப்படிச் செய்யலாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை, கேள்வியைப் பிரிப்பது. ‘அவர் போகவேண்டுமா’ என்பது ஒரு கேள்வி, ‘அவரைப் போகவைக்க முடியுமா’ என்பது வேறு, ‘போனபிறகு என்ன’ என்பது மூன்றாவது. ஒருவர் முதலாவதைப் பேச மற்றவர் மூன்றாவதைப் பேசிக்கொண்டிருப்பார், இருவரும் ஒரே விஷயத்தைப் பேசுவதாக நினைத்துக்கொண்டு கடைசியில் சண்டை பிடிப்பார்கள். எதிரில் இருப்பவர் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள், பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

அப்புறம் சட்டம். பெரிய படிப்பு ஒன்றும் தேவையில்லை, அரசியலமைப்பின் மூன்று உறுப்புரைகள் போதும். 38ஆவது உறுப்புரையின்படி ஜனாதிபதி விலகுவதென்றால் தன் கைப்பட ஒப்பமிட்ட கடிதத்தைச் சபாநாயகருக்கு அனுப்பவேண்டும், அவ்வளவுதான். அவராகப் போகாவிட்டால் குற்றப்பிரேரணை இருக்கிறது, ஆனால் அது நீண்ட பாதை: அரசியலமைப்பை வேண்டுமென்றே மீறியது, இலஞ்சம், அதிகார துஷ்பிரயோகம் என்று குறிப்பான குற்றச்சாட்டு வேண்டும், 225 பேரில் 150 பேரின் வாக்கு வேண்டும், உயர் நீதிமன்றம் விசாரித்து அறிக்கை தரவேண்டும், அதன்பின் திரும்பவும் 150 வாக்கு வேண்டும். 1991இல் அப்போதைய ஜனாதிபதி பிரேமதாசவுக்கு எதிராகக் கொண்டுவந்த குற்றப்பிரேரணையைச் சபாநாயகர் எம்.எச்.மொஹமட் கடைசியில் நிராகரித்தார், வாக்கெடுப்பு வரைக்கும் அது போகவே இல்லை. ஆகவே ‘பாராளுமன்றத்தில் தூக்கிவிடலாம்’ என்று யாராவது சொன்னால், அந்த 150 பேர் யார் யார் என்று கேளுங்கள்.

நம்பிக்கையில்லாப் பிரேரணை இதிலிருந்து வேறு. அது அரசாங்கத்தையும் அமைச்சரவையையும்தான் கலைக்கும், ஜனாதிபதியைத் தொடாது. 2022 மே 17இல் கோட்டாபய மீது அதிருப்தி தெரிவிக்கும் பிரேரணை ஒன்றை உடனே விவாதத்துக்கு எடுக்கவேண்டும் என்று தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் உறுப்பினர் சுமந்திரன் கேட்டார், 119க்கு 68 என்று அது தோற்றது. வென்றிருந்தாலும் அதனால் பதவி போயிருக்காது. ஆனால் யார் எந்தப் பக்கம் கைதூக்கினார் என்ற பதிவு கிடைத்தது, எனக்கு அது பெரிய விஷயம்.

இப்போது பலரும் தவறவிட்ட 40ஆவது உறுப்புரை. பதவிக்காலம் முடியுமுன் ஜனாதிபதி பதவி வெற்றிடமானால் மக்கள் வாக்களிக்கப் போவதில்லை, பாராளுமன்றம் தனக்குள் ஒருவரை ஒரு மாதத்துக்குள் இரகசிய வாக்கெடுப்பில் தெரிவுசெய்யும், வருபவர் மிச்சமிருக்கும் காலம் முழுக்க இருப்பார். அதுவரை பிரதமர் பதில் ஜனாதிபதி. இதைக் கையில் வைத்துக்கொண்டு 2022ஐப் பாருங்கள். மே 9இல் பிரதமர் மகிந்த ராஜபக்‌ஷ விலகினார், மே 12இல் ரணில் விக்கிரமசிங்க பிரதமரானார், அந்த நிமிடத்திலிருந்து கோட்டாபய போனால் அந்தக் கதிரையில் முதலில் உட்காரப்போவது யார் என்பது தீர்ந்துபோன விஷயம். ‘கோட்டா கோ ஹோம்’ என்று காலி முகத்திடலில் கத்திய அதே மூச்சில் ‘பிரதமராக யார்’ என்ற கேள்வியையும் கத்தியிருக்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஜூலை 20இல் ரணிலுக்கு 134, டலஸ் அழகப்பெருமவுக்கு 82, அநுரகுமாரவுக்கு 3. தன் கட்சிக்கு ஒரேயொரு ஆசனம் வைத்திருந்தவர் எப்படி 134 எடுத்தார் என்று கேட்பவர்களுக்கு விடை 2020 தேர்தலில் இருக்கிறது: ராஜபக்‌ஷக்களின் மொட்டுக் கட்சி (பொதுஜன பெரமுன) எடுத்த 145 ஆசனங்கள் அந்தச் சபையில்தான் இருந்தன. தலை மாறியது, சபை மாறவில்லை. அதனால் ‘விலகு’ என்று கேட்கும்போதே ‘பொதுத் தேர்தல் எப்போது’ என்றும் கேட்கவேண்டும். அன்றைய 20ஆவது திருத்தத்தின்படி பாராளுமன்றமே தீர்மானம் போட்டுக் கேட்டாலொழிய 2023 பெப்ரவரிக்கு முன் அதைக் கலைக்க முடியாது என்ற தகவல் தெரிந்திருந்தால், அழுத்தத்தை எங்கே கொடுக்கவேண்டும் என்பதும் தெரிந்திருக்கும்.

எதிர்த்தரப்பு வாதங்களில் அடிக்கடி வருவது ‘69 இலட்சம் பேர் வாக்குப் போட்டவர், ஐந்து வருடம் இருக்கட்டும்’ என்பது. இதை ஏளனம் செய்யாதீர்கள், அது உண்மையான எண்ணிக்கை. 2019 நவம்பரில் 52.25 வீதம் எடுத்துத்தான் வந்தார். பதில் இப்படி இருக்கலாம்: ஆணை கொடுத்தது ஒரு வேலையைச் செய்ய, 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று அரசாங்கமே அறிவித்த பிறகு அந்த வேலையின் நிலைமை என்ன? பதவி விலகும் வழியையும் அதே அரசியலமைப்புத்தானே வைத்திருக்கிறது, அதைப் பாவிப்பது எப்படி மக்கள் ஆணைக்கு எதிராகும்? ஜூன் மாதம் ஒரு செவ்வியில் கோட்டாபய தோற்றுப்போன ஜனாதிபதியாகப் போகமாட்டேன் என்ற பொருளில் சொன்னார். அது அவருடைய பெயரைப் பற்றிய கவலை. காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற மனிதருக்கு அதில் என்ன இருக்கிறது என்று நேரே கேளுங்கள்.

‘இப்போது போனால் சர்வதேச நாணய நிதியத்துடன் பேச ஆள் இல்லை, நாடு இன்னும் விழும்’ என்பது இன்னும் கனமான வாதம். இதற்குக் கோபத்தால் பதில் சொல்லமுடியாது. திட்டம் காட்டவேண்டும்: பேச்சுவார்த்தையைக் கொண்டுநடத்தப்போவது யார், திறைசேரியும் மத்திய வங்கியும் யார் கையில், இடைக்கால அரசாங்கம் எத்தனை மாதம். இவற்றுக்கு விடை வைத்துக்கொண்டு விலகச் சொல்பவரின் பேச்சை யாரும் தள்ளிவிட முடியாது.

வதந்தியைக் கையாள்வது தனி வேலை. ‘விலகிவிட்டார்’ என்று செய்தி வந்தால் ஒரேயொரு கேள்வி: கடிதம் சபாநாயகருக்குப் போய்ச் சேர்ந்ததா? ஜூலை 9 இரவு, 13ஆம் திகதி விலகுவார் என்று சபாநாயகர் மகிந்த யாப்பா அபேவர்தன அறிவித்தார். 13ஆம் திகதி அதிகாலை ஆள் மாலைதீவில், கடிதம் இல்லை, பதிலாக ரணிலைப் பதில் ஜனாதிபதியாக நியமித்தார், அது 37ஆவது உறுப்புரையின்படி செய்யும் தற்காலிக நியமனம், விலகல் அல்ல. 14ஆம் திகதி சிங்கப்பூர் போய்ச் சேர்ந்த பிறகுதான் மின்னஞ்சலில் கடிதம் வந்தது, அதைச் சரிபார்த்து 15ஆம் திகதி காலைதான் ஏற்றுக்கொண்டதாகச் சபாநாயகர் சொன்னார். இந்த இடைவெளியில் எத்தனை பேர் வெடி கொளுத்தினார்கள், எத்தனை பேர் பொய்க் கடிதம் பகிர்ந்தார்கள்! சபாநாயகர் வாய் திறக்கும்வரை எதையும் முன்னனுப்பாதீர்கள். அவசரகாலச் சட்டம் இருக்கும் நாட்களில் இன்னும் கவனம், ஏப்ரல் 3இல் சமூக ஊடகங்களையே முடக்கினார்கள், ஆகவே முக்கியமானவர்களின் தொலைபேசி இலக்கங்களை ஒரு தாளில் எழுதி வைத்திருங்கள்.

வடக்கு கிழக்கில் இந்த வாதம் வேறு மாதிரிப் போகும் என்பதையும் சொல்லவேண்டும். ‘இது சிங்கள ஆக்களின் பிரச்சினை, நாங்கள் ஏன்’ என்று ஒரு அண்ணன் சொன்னால் அவரைக் கோழை என்று திட்டாதீர்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரியிலிருந்து தெருவில் இருக்கிறார்கள், அவர்களைத் தேடிக் கொழும்பு வந்ததில்லை என்ற மனக்கசப்பு நியாயமானது. அந்தக் கோரிக்கையையும் விலகல் கோரிக்கையுடன் ஒரே பட்டியலில் போடச் சொல்லி வாதாடுங்கள், அப்போது பேச்சு நகரும். விலைவாசி யாழ்ப்பாணத்துக்கு வேறு, காலிக்கு வேறு என்று இருக்கவில்லை.

கடைசியாக, உங்கள் மாவட்ட உறுப்பினர். ஜனாதிபதித் தெரிவில் வாக்கு இரகசியம், பிறகு யார் யாருக்குப் போட்டார்கள் என்று கண்டுபிடிக்க வழியில்லை. காலமும் குறைவு: பதவி வெற்றிடமாகி மூன்று நாட்களுக்குள் சபை கூடும், அதிலிருந்து ஆகக்கூடியது ஏழு நாளுக்குள் வேட்புமனு எடுப்பார்கள். எனவே கடிதம் வருமுன்னரே அவரிடம் எழுத்தில் கேளுங்கள்: வெற்றிடம் வந்தால் யாரை ஆதரிப்பீர்கள், பொதுத் தேர்தலுக்கான தீர்மானத்துக்குக் கைதூக்குவீர்களா? பதிலைப் பகிரங்கமாகப் போடுங்கள், பதில் வராவிட்டால் வரவில்லை என்பதையும் திகதியுடன் போடுங்கள்.