வேலையில் மனசு ஒட்ட: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணி தாண்டினால் வயிற்றில் ஒரு கனம் வந்து உட்காரும். மறுநாள் திங்கள் என்பதைத் தவிர வேறு காரணம் இருக்காது. மருத்துவக் காப்பீட்டு க்ளெய்ம்களைச் சரிபார்க்கும் ஓர் அலுவலகத்தில் இருந்தபோது எனக்கு வாராவாரம் இது நடந்தது. வேலை கஷ்டமில்லை. சம்பளமும் தேதி தவறாமல் வந்தது. ஆனால் எல்லாம் கடனே என்று போய்க்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில்தான் உளவியல் பக்கம் ஒதுங்கினேன். வேலையும் மனநிறைவும் பற்றி அங்கே உருப்படியான ஆய்வுகள் நிறைய இருக்கின்றன. அவற்றை அரைகுறையாகப் புரிந்துகொண்டு நானும் கூட இருந்தவர்களும் செய்த தவறுகள் அதைவிட நிறைய.

பிடித்த வேலை வரட்டும் என்று காத்திருப்பது

எங்கள் பிரிவில் மதியச் சாப்பாட்டு மேசையில் தினமும் ஓடும் பேச்சு இது: "நான் இருக்கவேண்டிய இடமே இது இல்லப்பா." ஒருவருக்குப் புகைப்படம், இன்னொருவருக்குச் சொந்தமாக ஒரு பேக்கரி, எனக்கு வாத்தியார் வேலை. நமக்கென்றே அளவெடுத்துத் தைத்த வேலை ஒன்று எங்கோ தொங்குகிறது, அது கைக்கு வரும்வரை இங்கே நாளைக் கடத்தினால் போதும் என்ற நினைப்பு.

அமெரிக்க ஆய்வாளர் ஏமி ரெஸ்னெஸ்கியும் அவரோடு சேர்ந்தவர்களும் 1997இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஜனங்கள் தங்கள் வேலையை மூன்று விதமாகப் பார்க்கிறார்கள் என்றது அது: சம்பளத்துக்கான பிழைப்பு, மேலே ஏற ஒரு படிக்கட்டு, செய்வதிலேயே நிறைவு தருகிற வேலை. டாக்டரெல்லாம் மூன்றாவது, குமாஸ்தாவெல்லாம் முதலாவது என்றுதானே தோன்றும்? அந்த ஆய்வில் கல்லூரி நிர்வாக உதவியாளர்கள் 24 பேர் இருந்தார்கள். பதவி ஒன்றேதான். ஆனாலும் மூன்று பிரிவிலும் கிட்டத்தட்டச் சரிசமமாக விழுந்தார்கள். பேக்கரி வைத்தாலும் மைதா மூட்டைக் கணக்கு யாராவது பார்க்கத்தான் வேண்டும்.

வேலை மாறவே கூடாது என்று சொல்லவரவில்லை. மாறும்வரை இருக்கிற வேலையைச் சீண்டாமல் அப்படியே வைத்திருப்பதுதான் தவறு.

அர்த்தத்தைச் சுவரில் தேடுவது

எங்கள் அலுவலக வரவேற்பறையில் பெரிய எழுத்தில் ஒரு வாசகம் இருந்தது. குடும்பங்களுக்குத் தோள் கொடுக்கிறோம் என்ற மாதிரி ஏதோ. மூன்று வருடம் அதைக் கடந்து போயிருக்கிறேன்; சரியாக நினைவில்லை. நினைவிருப்பது என் சித்தியின் கைப்பை.

சித்திக்குப் பித்தப்பை ஆபரேஷன். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். உடனே புடவை மாற்றி, தலைவாரி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஊசி எடுத்த இடத்தில் பஞ்சும் பிளாஸ்திரியும். ஒரு மணி ஆயிற்று, மூன்று மணி ஆயிற்று. பில் கவுண்டரில் ஒரே பதில்: "இன்சூரன்ஸ்ல இருந்து அப்ரூவல் வரல சார்." சித்தப்பா கடைசியில் பொறுமை இழந்து, "அந்த ஆபீஸ்ல எவன்தான் உட்கார்ந்திருக்கானோ" என்றார். அது எங்கள் நிறுவனம் இல்லை. ஆனால் அந்த மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் நான்தான். வாயைத் திறக்கவில்லை.

அதுவரை எனக்கு க்ளெய்ம் என்றால் ஒரு எண். திரையில் வரும், போகும். அதன் மறுமுனையில் ஒருத்தி பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள் என்பது தெரியாததல்ல. தெரிவது வேறு, பார்ப்பது வேறு.

ஆடம் கிராண்ட் என்ற உளவியலாளர் 2007இல் வெளியிட்ட சோதனையும் இதையேதான் தொடுகிறது. ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்காக முன்னாள் மாணவர்களைத் தொலைபேசியில் அழைத்து நன்கொடை கேட்பவர்கள்தான் அந்தச் சோதனையில் இருந்தவர்கள். நாள் முழுக்க ‘வேண்டாம்’ என்பதைக் கேட்கிற வேலை. அந்தப் பணத்தில் உதவித்தொகை பெற்றுப் படித்த ஒருவரை அவர்களில் சிலர் நேரில் சந்தித்துச் சில நிமிடம் பேசினார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், அவர்கள் தொலைபேசியில் செலவிட்ட நேரம் 142 சதவீதமும் திரட்டிய தொகை 171 சதவீதமும் கூடியிருந்தன. பயனாளியின் கடிதத்தை மட்டும் படித்தவர்களிடம் அப்படி எதுவும் நடக்கவில்லை. சோதனைக்குட்பட்டது சின்னக் குழுதான். எல்லா இடத்திலும் இதே எண் வரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் கடிதத்தால் முடியாததை ஒரு முகம் செய்தது என்பது எனக்கு முக்கியமாகப் பட்டது.

ஆகவே நோக்கத்தைப் பற்றி யோசித்துக்கொண்டே இருப்பதை விட்டு, உங்கள் வேலையின் மறுமுனை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து ஒருமுறை போய்ப் பாருங்கள். கிடங்கில் இருப்பவர் கடைக்கு, நிரல் எழுதுபவர் அதைப் பயன்படுத்தும் கவுண்டருக்கு. ஒரு மத்தியானம் போதும்.

மெருகேற்றுகிறேன் என்று சுமையேற்றுவது

ரெஸ்னெஸ்கியும் ஜேன் டட்டனும் 2001இல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் ரொம்பப் பிரபலம். மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்கள் சிலரிடம் பேசியிருந்தார்கள். சிலர் கொடுத்த வேலையை மட்டும் முடித்துவிட்டுக் கிளம்பினார்கள். வேறு சிலர் நோயாளிகளோடும் பார்க்க வந்தவர்களோடும் பேசினார்கள், குணமாக உதவுவதில் தங்களுக்கும் பங்கு உண்டு என்று நினைத்தார்கள். நினைவிழந்து கிடந்தவர்களின் அறையில் சுவர்ப் படங்களை இடம் மாற்றி வைத்தவர்கூட உண்டு. யாரும் அதைச் செய்யச் சொல்லவில்லை.

இதைப் படித்துவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? மேலாளரிடம் போய்ப் புதியவர்களுக்குப் பயிற்சி, மாதாந்திர அறிக்கை என்று இரண்டு பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். மனம் நிறையவில்லை, முதுகுதான் வலித்தது. எதை, எவ்வளவு, எப்படிச் செய்கிறோம் என்பது, யாரோடு சேர்ந்து செய்கிறோம் என்பது, அதை என்னவாகப் பார்க்கிறோம் என்பது: இந்த மூன்றில் ஒன்றை லேசாகத் திருப்புவதுதான் அந்தக் கட்டுரை சொன்னது. கூலியில்லாமல் பொறுப்பைக் கூட்டிக்கொண்டே போ என்று அது சொல்லவில்லை.

சித்தி வீடு திரும்பிய பிறகு நான் திருப்பியது ஒரே ஒரு வாக்கியம். க்ளெய்மில் ஏதாவது குறை இருந்தால் மருத்துவமனைக்குக் கொயரி போடுவோம். "தேவையான ஆவணங்களை இணைக்கவும்" என்பது எங்கள் வழக்கமான ஒற்றை வரி. எந்த ஆவணம் என்று அங்கே இருப்பவருக்கு ஜோசியமா தெரியும்? நான் "ஆபரேஷன் குறிப்பின் இரண்டாம் பக்கம் இல்லை" என்று எழுத ஆரம்பித்தேன். அரை நிமிடம் கூடுதல். அந்தக் க்ளெய்ம்கள் மறுபடி மறுபடி திரும்பி வருவது குறைந்தது. அன்றன்றைக்கு யாரோ சில பேர் கட்டிலை விட்டுச் சீக்கிரம் எழுந்திருப்பார்கள்.

சிரிப்பை ஒட்டிக்கொள்வது

"பாசிட்டிவா இரு" என்பதற்கு ஆய்வுலகில் நல்ல பெயர் இல்லை. சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷீல்ட் 1983லேயே விமானப் பணிப்பெண்களை வைத்து இதைப் பேசிவிட்டார். உள்ளே ஒன்று, முகத்தில் ஒன்று என்று நாள் முழுக்க நடிப்பதும் ஓர் உழைப்புதான், அது ஆளைக் காலி செய்யும். எரிச்சல் வந்தால் வந்ததாகவே இருக்கட்டும்.

பிடித்துப்போன வேலைக்கு உடம்பைக் கொடுப்பது

எச்சரிக்க யாரும் இல்லாத தவறு இது. 2009இல் அமெரிக்க, கனடிய உயிரியல் பூங்காக்களின் பராமரிப்பாளர்களைப் பற்றி பண்டர்சன், தாம்ப்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். பலரும் படித்தவர்கள், சம்பளமோ சொற்பம், கூண்டு கழுவுவது முக்கிய வேலை. அவர்களில் இதுதான் என் பிறவிப்பணி என்று நினைத்தவர்களுக்கு அந்த வேலை மிக அர்த்தமுள்ளதாக இருந்தது. அதே ஆட்கள்தான் பணத்தையும் நேரத்தையும் சௌகரியத்தையும் அதிகம் விட்டுக்கொடுத்தார்கள். நிர்வாகம் தங்களைச் சுரண்டிவிடுமோ என்ற கவலையும் அந்தப் பிடிப்போடு சேர்ந்தே வருவதை ஆய்வாளர்கள் கவனித்தார்கள்.

எனக்கும் அது நடந்தது. ராத்திரி ஒன்பதரைக்கு, தோசை தட்டில் இருக்க, கைபேசியில் க்ளெய்ம் நிலவரம் பார்ப்பேன். "உங்க சித்தி எப்பவோ வீட்டுக்கு வந்தாச்சு, சாப்பிடுங்க" என்றாள் மனைவி. வேலை முடிந்த பின் மனதால் அதிலிருந்து விலகுவதைப் பற்றி ஜெர்மானிய உளவியலாளர் சபீன் சோனென்டாக் பல வருடம் ஆராய்ந்திருக்கிறார். அப்படி விலகத் தெரிந்தவர்களுக்குக் களைப்பு குறைவு. விலகுவதற்கு எனக்கு உதவியது ஒரு சின்ன வழி: கிளம்புமுன், பாதியில் நிற்கும் ஒவ்வொரு க்ளெய்முக்கும் நாளைக்கு முதலில் என்ன செய்யவேண்டும் என்று ஒரு வரி எழுதிவைப்பது. முடிக்காத காரியம் மனதைக் குடைந்துகொண்டே இருக்கும். எப்போது, எப்படி முடிப்போம் என்று திட்டமிட்டுவிட்டால் அந்தக் குடைச்சல் தணிகிறது என்று உளவியலாளர்கள் மசிகாம்போவும் பாமைஸ்டரும் 2011இல் காட்டியிருக்கிறார்கள்.

ஞாபகத்தை நம்பிக் கணக்குப் போடுவது

"இன்னிக்கு ஆபீஸ் எப்படி?" என்றால் மோசமானதுதான் முதலில் வாயில் வரும். ஆய்வாளர்கள் தெரசா அமபிலும் ஸ்டீவன் கிராமரும் 7 நிறுவனங்களில் 238 பேரைத் தினமும் குறிப்பு எழுதவைத்து, ஏறக்குறைய 12,000 குறிப்புகளைப் படித்தார்கள். நல்ல நாட்களில் அதிகம் தென்பட்டது பாராட்டோ ஊக்கத்தொகையோ அல்ல. முக்கியமென்று நினைத்த வேலை ஓர் அடியாவது நகர்ந்திருந்தது. பின்னடைவு தரும் அடி, முன்னேற்றம் தரும் மகிழ்ச்சியைவிடப் பலமானது என்பதும் அதில் தெரிந்தது. அதனால் நகர்ந்ததை எழுதிவைக்காவிட்டால் அது மறந்தே போகும். நான் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். இதற்குச் செயலி எல்லாம் தேவையில்லை.

நாற்காலியின் குறையைத் தன் தலையில் போட்டுக்கொள்வது

ஆய்வாளர்கள் கேத்தரின் பெய்லியும் ஏட்ரியன் மேடனும் பத்து வகைத் தொழில்களில் 135 பேரைப் பேட்டி கண்டு 2016இல் எழுதினார்கள். வேலை அர்த்தமுள்ளதாகத் தோன்றிய தருணங்களைச் சொல்லச் சொன்னபோது மேலதிகாரி பெயரே அனேகமாக வரவில்லை. அர்த்தமற்றுப் போன தருணங்களைக் கேட்டபோது, தங்களை நடத்திய விதம்தான் முன்னால் வந்து நின்றது. இதைத் தெரிந்துகொள்ளாமல், நம் மனப்பான்மையில்தான் கோளாறு என்று நம்மையே தட்டிக்கொட்டிக்கொண்டிருப்போம்.

ஒரு ஜூன் மாதம் எங்களுக்கு நாளொன்றுக்கு 40 க்ளெய்ம் என்றிருந்த இலக்கை 65 ஆக்கினார்கள். சம்பளம் அதேதான். கொயரியில் எந்தப் பக்கம் இல்லை என்று எழுத அந்த அரை நிமிடம் மிஞ்சவில்லை. பழைய ஒற்றை வரிக்கே திரும்பினேன். இரண்டு மாதம் காலண்டர் தாளில் எழுதிப் பார்த்தேன். எந்தத் தாளிலும் "65 முடிந்தது" என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. செப்டம்பரில் நோட்டீஸ் கொடுத்தேன்.