மென்பொருளில் சொல் மாற்றம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

'மாஸ்டர்–ஸ்லேவ்' (ஆணையிடும் பகுதி–கீழ்ப்படியும் பகுதி; நேர்ப்பொருளில் எஜமான்–அடிமை), 'பிளாக்லிஸ்ட்–ஒயிட்லிஸ்ட்' (தடைப் பட்டியல்–அனுமதிப் பட்டியல்; நேர்ப்பொருளில் கறுப்பு–வெள்ளைப் பட்டியல்) போன்ற, அடிமைத்தனத்தையும் நிறத்தையும் நினைவூட்டும் சொற்களை மென்பொருளில் தொடர்ந்து பயன்படுத்தலாமா என்ற விவாதம் 2020ஆம் ஆண்டில் திடீரென்று கிளம்பியது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி நிர்வாகம் 2003ஆம் ஆண்டிலேயே, தனக்குக் கருவிகள் விற்கும் நிறுவனங்களிடம் மாஸ்டர், ஸ்லேவ் என்ற பெயர்களைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொண்டது. இணையதளங்களை உருவாக்க உதவும் மென்பொருள்களான ஜாங்கோவும் ட்ரூபலும் 2014இல் மாறின. நிரலைத் தானாகச் சோதித்து வெளியிட உதவும் ஜெங்கின்ஸ் 2016இல் 'ஸ்லேவ்' என்பதை 'ஏஜென்ட்' ஆக்கியது. அமெரிக்காவில் கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்ட் காவல்துறையினரால் கொல்லப்பட்ட பிறகு 2020இல் இதன் வேகம் கூடியது என்பதுதான் சரி. இதை ஒரு பருவத்து அரசியல் என்று ஒதுக்குபவர்களும், அவசர அவசரமாக ஒரே வாரத்தில் முடித்துவிட வேண்டிய கடமை என்று நினைப்பவர்களும் இந்த நீண்ட வரலாற்றைப் பார்க்கத் தவறுகிறார்கள்.

நடைமுறையில் அதிகச் சேதம் விளைவிக்கும் தவறு வேறொன்று. மனிதர் படிக்கும் சொல்லையும் இயந்திரம் படிக்கும் சொல்லையும் ஒன்றாகக் கருதுவதே அது. ஆவணம், நிரலில் எழுதும் விளக்கக் குறிப்பு, பயிற்சிப் பாடம் ஆகியவற்றில் ஒரு சொல்லை இன்றே மாற்றிவிடலாம். யாருடைய வேலையும் நிற்காது. ஆனால் கட்டளையின் பெயர், உள்ளமைவுக் கோப்பில் உள்ள சொல், ஏபிஐ (ஒரு நிரல் இன்னொன்றோடு பேசும் இடைமுகம்) திருப்பி அனுப்பும் புலத்தின் பெயர் ஆகியவை, நமக்குத் தெரியாத பலர் நம்பி எழுதிய நிரல்களோடு நாம் செய்துகொண்ட ஒப்பந்தங்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் நிரல் நடைக் கையேட்டில் 2020 ஜூலையில் சேர்க்கப்பட்ட விதி இந்த வேறுபாட்டைத் தெளிவாகப் பிடித்திருக்கிறது. புதிதாக எழுதும் நிரலில் இச்சொற்களைத் தவிர்க்கச் சொல்லும் அதே விதி, பயனர் நிரல்கள் சார்ந்திருக்கும் இடைமுகங்களுக்கும், ஏற்கெனவே உள்ள வன்பொருள் அல்லது நெறிமுறை வரையறை கட்டாயப்படுத்தும் இடங்களுக்கும் விலக்கு அளிக்கிறது.

ரெடிஸ் என்ற தரவுத்தளமும் இதே வழியில்தான் சென்றது. அதன் 5ஆம் பதிப்பில் ஒரு சேவையகத்தை இன்னொன்றின் பிரதியாக்கும் 'ரெப்ளிகா ஆஃப்' என்ற புதிய கட்டளை வந்தது. பழைய 'ஸ்லேவ் ஆஃப்' கட்டளையும் தொடர்ந்து இயங்கியது. சேவையகத்தின் நிலையைச் சொல்லும் 'இன்ஃபோ' வெளியீட்டில் மட்டும், அதைப் படித்து இயங்கும் கருவிகள் பழுதாகிவிடும் என்பதால், 'ஸ்லேவ்' என்ற சொல்லே விட்டுவைக்கப்பட்டது. அரைகுறை வேலை என்று இதைக் குறை சொன்னவர்கள் உண்டு. என் கணிப்பில் அது நல்ல பொறியியல். மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் இன்னும் நிதானமாக நடந்தது. 2020 அக்டோபரில் வெளியான 8.0.22 முதல் புதிய கட்டளைகளை ஒவ்வொன்றாக அறிமுகப்படுத்தி, பழையவற்றைப் பயன்படுத்துவோருக்கு எச்சரிக்கை காட்டி, 2024இல் வந்த 8.4 பதிப்பில்தான் பழையவற்றை நீக்கியது. அப்படியிருந்தும் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. புதிய கட்டளை தரும் வெளியீட்டில் நெடுவரிசைப் பெயர்களும் மாறியிருக்கும். பிரதி எத்தனை நொடி பின்தங்கியிருக்கிறது என்பதைச் சொல்லும் நெடுவரிசையைப் பழைய பெயரில் தேடும் கண்காணிப்பு ஸ்கிரிப்டில் கட்டளையை மட்டும் மாற்றினால், பிழை எதுவும் எழாமலே அது வெற்று மதிப்பைப் படித்துக்கொண்டிருக்கக்கூடும்.

எச்சரிக்கை கொடுத்தாலே போதும் என்று இருந்துவிடுவதும் தவறுதான். பல கணினிகளில் மென்பொருளைப் பகிர்ந்து இயக்கும் குபெர்னெட்டீஸில், மற்றவற்றை நிர்வகிக்கும் கணினிகளான கட்டுப்பாட்டு முனைகளுக்கு இருந்த 'மாஸ்டர்' லேபிளைக் கைவிடப்போவதாக 1.20 பதிப்பிலேயே அறிவித்தார்கள். குபெர்னெட்டீஸை நிறுவ உதவும் குபெஏடிஎம் கருவி 1.24இல் அந்த லேபிளை நீக்கியது. அந்த லேபிள் உள்ள முனையில்தான் இயங்குவேன் என்று எழுதப்பட்ட பாட் (அங்கே இயங்கும் மென்பொருளின் அலகு), மேம்படுத்தலுக்குப் பிறகு தனக்கு இடம் கிடைக்காமல் 'பெண்டிங்' நிலையிலேயே நின்றுவிடும். எது எங்கே இயங்க வேண்டும் என்று சொல்லும் மேனிஃபெஸ்ட் கோப்புகளில் பழைய பெயரைக் குறிப்பிடுபவற்றைத் தேடிப் பட்டியலிடுவது மேம்படுத்தும் குழுவின் வேலை. வெளியீட்டுக் குறிப்பு அதைச் செய்துவிடாது.

நிரலின் ஒரு வளர்ச்சிப் பாதையான கிளையின் பெயரை மாற்றுவதிலும் இப்படித்தான். நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் 2020 அக்டோபர் 1 முதல் புதிய களஞ்சியங்களுக்கு 'மாஸ்டர்' என்பதற்குப் பதில் 'மெயின்' என்பதை இயல்புக் கிளைப் பெயராக்கியது. பழைய களஞ்சியத்தில் பெயரை மாற்றும்போது, திறந்திருக்கும் இணைப்புக் கோரிக்கைகளையும் (மாற்றங்களைச் சேர்க்கக் கேட்பவை) கிளைப் பாதுகாப்பு விதிகளையும் அந்தத் தளமே சரிசெய்துவிடுகிறது. தானியங்கிச் சோதனைகளை இயக்கும் பணியோட்டக் கோப்புகளுக்குள் எழுதப்பட்ட பெயரை அது தொடுவதில்லை. 'மாஸ்டர்' கிளையில் மாற்றம் வந்தால் சோதனைகளை ஓட்டு என்று எழுதியிருந்தால், மறுநாளிலிருந்து அந்தச் சோதனைகள் ஓடவே ஓடா. சிவப்புக் குறி வராததால், எல்லாம் நலம் என்ற எண்ணமே குழுவில் நிலவும். ஒவ்வொருவர் கணினியிலும் உள்ள பிரதியைத் தனியாகத் திருத்த வேண்டும் என்பதையும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்.

கண்ணை மூடிக்கொண்டு தேடி மாற்றுவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 'மாஸ்டர்' என்ற எழுத்துகள் வரும் இடமெல்லாம் 'மெயின்' என்று மாற்றினால், மின்னஞ்சல் அனுப்பும் நெறிமுறையான எஸ்எம்டிபியின் தரவரையறை கட்டாயமாக்கியிருக்கும் 'போஸ்ட்மாஸ்டர்' அஞ்சல் முகவரியும், பணம் செலுத்தும் பகுதியில் உள்ள மாஸ்டர்கார்டும் சேர்ந்தே சிதையும்.

மாற்றுச் சொல்லைத் தேர்வதில் நடக்கும் தவறு இதைவிட நுட்பமானது. எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே இணை கிடையாது. தரவுத்தளத்தில் 'பிரைமரி–ரெப்ளிகா' பொருந்துகிறது. முதன்மைச் சேவையகம் விழுந்தால் பிரதியையே முதன்மையாக உயர்த்துகிறோம் என்பதால், 'ஸ்லேவ்' என்ற பெயர் அங்கே தொழில்நுட்ப அளவிலும் பொருந்தாத ஒன்றாகவே இருந்தது. மின்னணுச் சில்லுகளை இணைக்கும் ஐ2சி தடத்தில் ஒரு சாதனம் ஆணையிட மற்றொன்று பதில் தருகிறது. அதை வரையறுக்கும் சில்லு நிறுவனமான என்எக்ஸ்பி 2021இல் அதன் வரையறையைத் திருத்தியபோது 'கண்ட்ரோலர்–டார்கெட்' என்ற இணையை எடுத்துக்கொண்டது. ஒரே திட்டத்துக்குள் 'பிளாக்லிஸ்ட்' இருந்த இடத்தில் ஒருவர் 'டினைலிஸ்ட்' என்றும் இன்னொருவர் 'எக்ஸ்குளூட்' என்றும் எழுதினால், தேடுபவருக்கு மூன்று சொற்கள் தெரிந்திருக்க வேண்டியதாகிறது. முதலில் ஓர் அகராதியை முடிவுசெய்துவிட்டுத்தான் நிரலில் கைவைக்க வேண்டும்.

விவாதத்தின் போக்கிலும் இரு தரப்பும் தவறு செய்கின்றன. மறுப்பவர்கள் சொல்லின் பிறப்பைக் காட்டி வழக்கை முடித்துவிடப் பார்க்கிறார்கள். 'பிளாக்லிஸ்ட்' என்ற சொல் நிறவெறியிலிருந்து பிறந்தது என்பதற்குச் சான்றில்லை என்பது உண்மையே. ஆனால் இன்று அது கேட்பவருக்கு எப்படி ஒலிக்கிறது என்ற கேள்விக்கு அது பதிலாகாது. ஆதரிப்பவர்களோ பட்டியலை நீட்டிக்கொண்டே போகிறார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் தகவல் தொழில்நுட்பப் பிரிவு தயாரித்த பட்டியல் 'அமெரிக்கன்' என்ற சொல்லுக்கும் மாற்றுச் சொல்லப் போய், 2022 டிசம்பரில் கடும் கேலிக்கு உள்ளாகி, அடுத்த மாதமே விலக்கிக்கொள்ளப்பட்டது. 'ஸ்லேவ்' போன்ற தெளிவான சொற்களுக்கான நியாயமும் அந்தக் கேலியில் அடிபட்டுப்போனது. பெயரை மாற்றிய நிறுவனம் ஆளெடுப்பிலும் பதவி உயர்விலும் எதையும் மாற்றவில்லை என்று ஊழியர்கள் கேட்கும்போது, அதைச் சொல் மாற்றத்துக்கான எதிர்ப்பாகப் பதிவுசெய்வதும் பிழைதான். அது தனியே பதில் வேண்டி நிற்கும் கேள்வி.

கடைசியாக, சொற்களைச் சோதிக்கும் தானியங்கிக் கருவிகள். முதல் நாளே அவற்றை முழு நிரல்தொகுப்பின் மீதும் ஏவி, குறை இருந்தால் புதிய மாற்றங்கள் நிரலில் சேர்வதைத் தடுக்கும்படி அமைப்பவர்கள், தொடர்பில்லாத பிழையைத் திருத்த வந்தவர் மீது பத்தாண்டுப் பழைய சொற்களைத் திருத்தும் பொறுப்பைச் சுமத்துகிறார்கள். புதிதாகச் சேர்க்கும் வரிகளை மட்டும் சோதிக்கவும், வெளி நெறிமுறைகளின் சொற்களுக்கு விலக்குப் பட்டியல் வைக்கவும், முதல் சில வெளியீடுகள் வரை எச்சரிக்கையோடு நிறுத்திக்கொள்ளவும் அவற்றை அமைக்கலாம். பழைய வரிகளுக்குத் தனிப் பணிச்சீட்டு திறந்து, அந்தப் பகுதியைப் பராமரிப்பவரிடமே ஒப்படைத்துவிடலாம்.