ஆபரேஷன்ஸ் மேனேஜர் இன்டர்வியூ: ‘நாங்கள்’ வேண்டாம், ‘நான்’ என்று சொல்லுங்கள்

ஒரு பெரிய நிறுவனத்தின் வேர்ஹவுஸில் ஆபரேஷன்ஸ் மேனேஜர் வேலைக்கு முதன்முதலில் இன்டர்வியூ போனபோது, “நைட் ஷிப்டில் லாரி தாமதத்தைக் குறைத்தோம்” என்றேன். எதிரில் இருந்தவர், “சரி, அதில் நீங்கள் என்ன செய்தீர்கள்?” என்று கேட்டார். எனக்கு வாயடைத்துப் போனது. செய்தது நான்தான், ஆனால் சொல்லிப் பழக்கமில்லை. தன்னைப் பற்றிப் பேசினால் தற்பெருமை என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். அந்த வேலை கிடைக்கவில்லை. புதிதாகப் போகிறவர்களுக்கு அந்த நிலை வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: எதை வைத்து எடைபோடுகிறார்கள் என்று பாருங்கள்

அமேசானை எடுத்துக்கொள்வோம். தலைமைப் பண்புகள் என்று 16 கொள்கைகளை அவர்கள் இணையதளத்திலேயே போட்டிருக்கிறார்கள் (2021 வரை 14தான் இருந்தன). கேள்விகள் பெரும்பாலும் அவற்றை ஒட்டித்தான் வரும். பதினாறையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். வாடிக்கையாளருக்கு முதலிடம், பொறுப்பேற்றல், ஆழமாக ஆராய்தல், சொன்னதை முடித்தல் ஆகிய நான்குக்கும் தலா இரண்டு சம்பவம் இருந்தால் நல்ல தொடக்கம்.

படி 2: சம்பவங்களை எழுதுங்கள்

அதிக நேரம் இதற்குத்தான் கொடுக்க வேண்டும். சூழல், பணி, செயல், விளைவு என்று நான்கு பகுதியாக எழுதுங்கள். இதைத்தான் ‘ஸ்டார்’ முறை என்கிறார்கள். சூழலை இரண்டு வரியில் முடித்துவிட்டு, செயலை விரித்துச் சொல்லுங்கள்.

என் லாரிக் கதையையே பாருங்கள். காலை 6 மணி லாரி வாரத்தில் மூன்று நாள் தாமதம். ஏன்? பேக்கிங் முடியவில்லை. ஏன்? 5 மணிவாக்கில் லேபிள் பிரிண்டர் நின்றுவிடுகிறது. ஏன்? ரோல் தீர்ந்துவிடுகிறது. ஏன் உடனே மாற்றவில்லை? புது ரோல் ஸ்டோரில் பூட்டிக் கிடக்கிறது. ஏன்? சாவி பகல் ஷிப்ட்காரரிடம் மட்டும்தான் இருக்கிறது. இப்படி ஐந்து முறை ‘ஏன்’ கேட்பது டொயோட்டாவில் தைச்சி ஓனோ பழக்கிய முறை. பிரிண்டரைக் குறை சொல்லி நிறுத்தியிருந்தால் சாவி வரை போயிருக்கவே மாட்டேன்.

இப்போது அதையே இப்படிச் சொல்வேன்: “ஸ்டோர் பொறுப்பாளரிடம் நான் பேசினேன். ஷிப்ட் தொடங்கும்போதே இரண்டு ரோல் மேசையில் இருக்க ஏற்பாடு செய்தேன். அடுத்த நான்கு வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் தாமதம்.” கூட உழைத்தவர்களைச் சொல்லாமல் விடாதீர்கள். அவர்கள் செய்ததை அவர்கள் பெயரிலும், உங்கள் முடிவை உங்கள் பெயரிலும் சொல்லுங்கள்.

படி 3: கணக்கு

சின்னக் கணக்குதான், ஆனால் பதற்றத்தில் தடுமாறும். 8 மணி நேர ஷிப்ட், 1 மணி நேரம் இடைவேளை என்றால் மிச்சம் 420 நிமிடம். 840 பார்சல் போக வேண்டுமென்றால் 30 விநாடிக்கு ஒன்று. ஒருவர் ஒரு பார்சல் கட்ட 90 விநாடி எடுத்தால் மூன்று பேர் வேண்டும். போடும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடுங்கள். நீங்கள் யோசிக்கும் விதம் அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

படி 4: ஆட்களைப் பற்றிய கேள்வி

“அனுபவமுள்ள சூப்பர்வைசர் உங்கள் பேச்சைக் கேட்கவில்லை, என்ன செய்வீர்கள்?” இது அடிக்கடி வரும். “மேலே புகார் செய்வேன்” என்று ஆரம்பிக்காதீர்கள். நான் அப்படி ஒருவரிடம், “அண்ணே, இந்த லைன் உங்களுக்குத்தான் தெரியும், எங்கே இடிக்குது?” என்று கேட்டேன். பத்து நிமிடத்தில் இரண்டு பிரச்சினையைக் காட்டினார்.

படி 5: அன்றைய நாள்

அமேசானில் ஒரே நாளில் பல சுற்று இருக்கலாம். அதில் ஒருவர் ஆளெடுக்கும் அணிக்கு வெளியிலிருந்து வருவார், ‘பார் ரெய்சர்’ என்பார்கள். அதனால் எல்லோரிடமும் ஒரே கதையைச் சொல்லாமல், எதை யாரிடம் சொன்னோம் என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் “எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?” என்பார்கள். சம்பளத்துக்கு முன், “இந்த இடத்தில் இப்போது உங்களுக்குத் தலைவலி தரும் ஷிப்ட் எது, ஏன்?” என்று கேளுங்கள். நான் கேட்டபோது, அவர் பேனாவை எடுத்துத் தாளில் லாரியில் சரக்கு ஏற்றும் இடத்தின் (டாக்) படமே வரைந்து காட்டினார்.