நான்கு வயதுப் பிடிவாதத்துக்குப் பெரியவர்களின் நோய்ப்பெயர் எதற்கு?

பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு என்பது உணர்ச்சிகளும் உறவுகளும் நிலையில்லாமல் ஊசலாடும் மனநலப் பிரச்சினை. அதன் அறிகுறிகளைப் படித்துவிட்டுத் தன் பிள்ளையைப் பார்க்கும் எவருக்கும் வயிற்றைக் கலக்கும். காலையில் அம்மாதான் உலகம். மாலையில் ‘நீ வேண்டாம், போ’. அம்மா குளிக்கப் போனாலும் அழுகை. நான்கு வயதில் இதெல்லாம் வளர்ச்சியின் பகுதி. ஆளுமையே இன்னும் உருவாகாத பிள்ளையிடம் ஆளுமைக் கோளாறைத் தேடுவதுதான் முதல் தவறு. அமெரிக்க மனநல மருத்துவர்களின் டிஎஸ்எம்-5 என்ற நோயறியும் கையேட்டின்படி, இந்தக் கோளாறு என்று சொல்ல ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் ஓராண்டாவது நீடித்திருக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான தவறு, பதின்மூன்று வயதிலும் ‘வயதுக் கோளாறு, சரியாகிவிடும்’ என்று தள்ளிப்போடுவது. அந்த வயது மகள், உயிர்த்தோழி அரை மணி நேரம் பதில் அனுப்பாததற்கு இரவு முழுக்க அழுது, ‘என்னை யாருக்கும் பிடிக்கவில்லை’ என்கிறாள். இதுவே மாதக்கணக்கில் தொடர்கிறது. மே மாத வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மறுக்கிறாள். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்கிறாளோ என்று மெதுவாகக் கேட்டே ஆக வேண்டிய நேரம் அது. ‘நாடகம் போடுகிறாள்’ என்ற சொல் அந்த வீட்டில் எழவே கூடாது.

எனக்குப் பெரிதாகப் படும் தவறு, நாம் அன்றாடம் செய்வது. பென்சில் டப்பா தொலைந்து அழும் பிள்ளையிடம், ‘இதற்கெல்லாமா அழுவார்கள், வாயை மூடு’ என்கிறோம். அழுகை அலறலாகி அக்கம்பக்கம் எட்டிப்பார்த்ததும் புது டப்பா வாங்கித் தருகிறோம். சின்ன அழுகைக்கு மதிப்பில்லை, அலறினால்தான் காரியம் நடக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. பிறவியிலேயே உணர்ச்சி மிகுந்த பிள்ளையும், அந்த உணர்ச்சியை மதிக்காத சூழலும் சேரும்போதுதான் சிக்கல் முற்றுகிறது என்று விளக்கியவர் அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன். ‘உனக்குப் பிடித்த டப்பா, வருத்தமாகத்தான் இருக்கும்’ என்று சொல்லலாமே! அப்படிச் சொன்னதற்காகப் புது டப்பா வாங்கித் தர வேண்டியதில்லை.

அதற்காக எல்லாப் பழியையும் தாயின் தலையில் போடுவதும் தவறு. மரபணுவுக்கும் இதில் பங்குண்டு. ஏடிஹெச்டி எனும் கவனக்குறைவு-மிகைத்துடிப்புக் கோளாறு, ஆட்டிசம், வெளியே சொல்ல முடியாத பாலியல் சீண்டல் ஆகியவையும் இதே சீற்றமாக வெளிப்படலாம்.

மருத்துவரிடம் போனதும் ‘இது பார்டர்லைனா?’ என்று தொடங்காதீர்கள். சீற்றத்துக்கு முன் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, எப்படி அடங்கியது என்று இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். காயமோ சாவைப் பற்றிய பேச்சோ இருந்தால் நோட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இந்தியாவில் டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, இரவிலும் எடுப்பார்கள்.